ஐம்பத்தாறு கிலோ

ஐம்பத்தாறு என்று எழுதியது நான்தான். அட்டவணையில் அப்படித்தான் இருந்தது என்று இன்றைக்கும் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் கையெழுத்து என்னுடையது: சாருமதி, உணவியல் நிபுணர்.

சகாயராஜை எங்கள் மறுவாழ்வு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது அவர் நாற்பத்து மூன்று கிலோ இருந்தார். துவாக்குடி பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். வயது ஐம்பது. பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வலது கையும் காலும் வரவில்லை. விழுங்க முடியாததால் வயிற்றில் துளை போட்டு டியூப் வைத்திருந்தார்கள். பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல். "ஆமா." பசிக்கிறதா என்றாலும் ஆமா, பசிக்கவில்லையா என்றாலும் ஆமா.

"அவருக்கு எல்லாம் புரியும் மேடம். சொல்லத்தான் வரல" என்றார் அவர் மனைவி ஜெசிந்தா.

ஜெசிந்தாக்கா காட்டூருக்கும் துவாக்குடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். முதல் நாள் சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டையோடுதான் என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் கணினியில் சகாயராஜின் உயரத்தைப் போட்டேன். நூற்று அறுபத்தெட்டு. இலக்கு எடை ஐம்பத்தாறு என்று வந்தது. ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்துப் போட்ட கணக்கு என்பார்கள். அதைக் குறைத்து எழுதவும் வழி இருந்தது. பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அதை நிரப்பினால் மறுஆய்வுக் கூட்டத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். அன்றைக்கு இன்னும் ஒன்பது பேருக்கு இலக்கு போடவேண்டியிருந்தது. கட்டத்தைக் காலியாக விட்டேன்.

"பதினாலு வாரத்துல ஐம்பத்தாறு வரணும்க்கா. வந்தா நிக்கவெச்சு நடைப்பயிற்சி ஆரம்பிப்பாங்க. உடம்புல சதை இல்லாம நிறுத்தினா விழுந்து எலும்பு ஒடைஞ்சிரும்னு அப்படி வெச்சிருக்காங்க."

"வரலைன்னா?"

"பராமரிப்பு வார்டுக்கு மாத்திடுவாங்க."

"அங்க என்ன செய்வாங்க?"

"சுத்தமா வெச்சுக்குவாங்க."

 "டியூப்ல ஊத்துற கஞ்சியைக் கூட்டினா எடை ஏறாதா?" என்று கேட்டார்.

"ஏறாது. நாக்குல ருசி படணும், பல்லு மெல்லணும். அப்பத்தான் வயிறு தயாராகும். இவருக்கு வாயே வேலை செய்யல. சாப்பாடு வர்றதே உடம்புக்குத் தெரியாம வருது. அதனால பாதி ஒட்டாமலே போயிடுது."

"அப்ப?"

"அவருக்குப் பதிலா வேற ஒருத்தர் வாய் சாப்பிடணும்."

அதற்கான கருவி எங்களிடம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நோயாளியின் காதுக்குப் பின்னால் பட்டன் அளவில் ஒரு வில்லை. சாப்பிடுகிறவர் தொண்டையில் ஒரு பட்டை. அவர் நாக்கிலும் தொண்டையிலும் இரைப்பையிலும் நடப்பதைப் பட்டை எடுத்துக் கொடுக்கும், வில்லை அதை நோயாளியின் நரம்புக்குக் கொண்டுபோகும். அதே நேரத்தில் டியூபில் கஞ்சி இறங்கும். தானே சாப்பிடுவதாக உடம்பு நம்பிவிடும். காகிதங்களில் அதற்கு நீளமான பெயர் இருந்தது. வார்டில் சாப்பிடுகிறவரை 'வாய்' என்று சொல்வார்கள். ஆறாம் படுக்கைக்கு வாய் யார், வாய் வந்தாச்சா என்று.

"கடமைக்கு முழுங்கினா ஆகாதுக்கா. ருசிச்சு சாப்பிடணும். மெஷின்ல பச்சைக் கோடு ஒண்ணு ஏறி இறங்கும், அது காட்டிக்கொடுத்துடும். கூடவே உக்காந்து சாப்பிட்டுப் பழகினவங்களோடதுதான் நல்லா ஒட்டுது."

ஜெசிந்தாக்கா சிரித்துவிட்டார். "இருபத்து நாலு வருசமா ஒரே சட்டியில சாப்பிடுறோம். சாப்பிடுறதுதானே வேலை? நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன்."

வாயாக இருப்பவருக்குச் சர்க்கரை இருக்கக்கூடாது. அடுத்த நாள் காலை வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன். நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தபோது நூற்றுப் பத்து காட்டியது. சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கையை நான் பார்த்தேன். எல்லா விரல் நுனிகளிலும் கருப்பாகப் புள்ளிகள். நாள் தவறாமல் வீட்டில் குத்திப் பார்க்கிறவர்களின் விரல்.

"இது என்னக்கா?"

"ஆட்டோ ஒயர் மேடம். குத்திக்கிட்டே இருக்கும்." சொல்லிவிட்டு என் கண்ணையே பார்த்தார்.

"வேற யாராவது சாப்பிட முடியுமா? கூடப் பிறந்தவங்க?"

"எங்களுக்குப் பிள்ளை இல்ல. எங்க தங்கச்சி மணப்பாறையில ரெண்டு கைக்குழந்தையோட இருக்கா. என்னை விட்டா யாரு இருக்கா?"

சர்க்கரை நோய் என்பதற்கு எதிரில் 'இல்லை' என்று எழுதினேன்.

முதல் நாள் காலை இட்லியும் தக்காளிச் சட்னியும். சாப்பாட்டறை வார்டிலிருந்து இரண்டு அறை தள்ளி இருக்கிறது. எதிரில் ஒருவர் சாப்பிடுவதைப் பார்த்தால் நோயாளிகள் தவித்துப்போகிறார்கள் என்று அப்படி வைத்திருந்தார்கள். நான் சகாயராஜின் படுக்கை அருகில் நின்றேன். வில்லையில் விளக்கு எரிந்தது. சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு அவர் கண் அகலமாகத் திறந்தது. மூன்று மாதமாக வறண்டு கிடந்த வாயில் எச்சில் ஊறி ஓரத்தில் வழிந்தது. "ஆமா" என்றார், மெல்லிய குரலில்.

ஜெசிந்தாக்கா கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தார். "தெரிஞ்சுதாங்க? சட்னியில உப்பு பத்தல, அதுவும் தெரிஞ்சுதா?"

அவர் இடது கையால் மனைவியின் விரலில் ஒட்டியிருந்த சட்னியைத் தொட்டார். என் வேலையில் அப்படி ஒரு காலை அதற்கு முன் வந்ததில்லை.

வாரத்துக்கு இரண்டு நாள், திங்களும் வியாழனும், எடை பார்ப்பேன். எடை மேடை பயிற்சிக்கூடத்தில் இருந்தது. சக்கர நாற்காலியோடு ஏற்றலாம், கம்பியைப் பிடித்து நிற்கவும் செய்யலாம். பழைய மேடை. பார்த்து நான்தான் கோப்பில் எழுத வேண்டும். ஐந்தே வாரத்தில் நாற்பத்தொன்பது ஆனார். அதோடு நின்றது. இரண்டு வாரம் நூறு கிராம்கூட ஏறவில்லை.

மருத்துவர் வித்யாதரன் எங்கள் பிரிவின் தலைவர். கெட்டவர் இல்லை. நோயாளிகளின் பெயர், ஊர் எல்லாம் நினைவில் வைத்திருப்பார். சகாயராஜின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "வாயோட அளவைக் கூட்டுங்க" என்றார்.

மூன்று வேளையை ஐந்து வேளையாக்கினேன். காலையில் நெய் ஊற்றிய பொங்கல், பதினொரு மணிக்கு கேசரி, மதியம் கறிக்குழம்பு, நாலு மணிக்கு போண்டா, ராத்திரி பரோட்டா. கோடு எதில் உயர்கிறதோ அதையே திரும்பத் திரும்ப எழுதினேன். கோடு உயர்ந்தது இனிப்பிலும் எண்ணெயிலும்தான். ஜெசிந்தாக்கா காலைச் சவாரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நேரம் ஆட்டோ ஓட்டுவதை நிறுத்திவிட்டார். பசி வேண்டும் என்பதற்காக இடையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தார். ஆனாலும் எப்போதும் தாகம் என்று சொல்வார். முகம் உப்பியது. காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட முடியவில்லை. அவரை யாரும் எடை பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி எந்தப் படிவத்திலும் இல்லை.

எட்டாவது வாரம் அவர் நொண்டினார். செருப்பு போய் ஷூ வந்திருந்தது.

"கால்ல என்னக்கா?"

"செருப்பு கடிச்சிருச்சு. வலியே இல்ல மேடம், சும்மா பாக்கத்தான் அப்படி இருக்கு."

வலி இல்லாததுதான் பயப்பட வேண்டிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அன்று சகாயராஜ் ஐம்பத்தொன்று. "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஒன்பதாவது வாரத்திலிருந்து சகாயராஜ் மாறினார். மனைவி சாப்பிட ஆரம்பித்ததும் இவருக்கு வியர்க்கும். இடது கை காதுக்குப் பின்னால் போகும், வில்லையைப் பிடுங்கும். நாங்கள் திரும்ப வைப்போம். மறுபடி பிடுங்குவார். நர்ஸ் 'கிளர்ச்சி' என்று குறித்தார். மருத்துவர் கையுறை போடச் சொன்னார். பஞ்சு வைத்த, விரல் பிரியாத கையுறை. அதைப் போட்டால் எதையும் பிடுங்க முடியாது. சாப்பாட்டு வேளையில் மட்டும் மாட்டிவிட்டோம்.

"ஏன் இப்படிப் பண்றாரு? ருசி பிடிக்கலையா?" என்று ஜெசிந்தாக்கா அழுதார். "ஏங்க, இன்னும் மூணு கிலோதாங்க. நடந்துருவீங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

அவருக்குக் கையுறை மாட்டாத நேரம் அது. இடது கையால் மனைவியை இழுத்தார். தன் உள்ளங்கையை மனைவியின் மார்பின் நடுவில் வைத்து அழுத்தினார். "ஆமா. ஆமா. ஆமா." கண்ணிலிருந்து நீர் கொட்டியது. கையை எடுக்கவே இல்லை.

ஜெசிந்தாக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாருங்க மேடம். நெஞ்சுல வெச்சிருக்கேன்னு சொல்றாரு. இருபத்து நாலு வருசத்துல ஒரு தடவ சொன்னதில்ல."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பன்னிரண்டாவது வாரம், வியாழக்கிழமை, மதியம் ஒரு மணி. காலையில்தான் எடை பார்த்திருந்தேன். ஐம்பத்து நாலரை. ஜெசிந்தாக்கா சாப்பாட்டறையில் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சகாயராஜுக்குக் கஞ்சி இறங்கும் வேகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் உடம்பு வில் மாதிரி வளைந்தது. கையுறை மாட்டிய கையால் கட்டில் கம்பியை அடித்தார். "ஆமா! ஆமா! ஆமா!" அந்தக் குரலை நான் கேட்டதில்லை. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் கையைத் தூக்கிக் கதவைக் காட்டினார். திரும்பக் கம்பியை அடித்தார். திரும்பக் கதவைக் காட்டினார்.

"மேடம், ஊசி போட்டுரலாமா? டியூப் பிச்சுக்கும்" என்றார் நர்ஸ்.

"போடுங்க" என்றேன்.

தூக்க ஊசி ஏறும்வரை அவர் கதவையே காட்டிக்கொண்டிருந்தார். கை சரிந்து விழுந்தது. பதினொரு நிமிடம் கழித்து சாப்பாட்டறையிலிருந்து தட்டு எடுக்கப் போன ஆயாம்மாவின் கூச்சல் கேட்டது.

ஜெசிந்தாக்கா மேஜையில் கவிழ்ந்து கிடந்தார். தொண்டையில் பட்டை அப்படியே இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சர்க்கரை அறுநூறைத் தாண்டிக் காட்டியது. ஷூவைக் கழற்றியபோது அந்த அறையில் நிற்க முடியவில்லை. மாலை நாலு மணிக்கு இறந்துபோனார். அவர் பையில் மூன்று மாதமாகப் பிரிக்காத சர்க்கரை மாத்திரை அட்டைகள் இருந்தன. அந்த மாத்திரை போட்டால் பசி மந்தப்படும். கோடு இறங்கும். அதனால் நிறுத்தியிருக்கிறார்.

"மாரடைப்பு" என்றார் மருத்துவர் வித்யாதரன். "சர்க்கரை முத்தினவங்களுக்கு நரம்பு செத்திருக்கும். நெஞ்சு வலி தெரியாது. அந்தம்மாவுக்கு ஒரு மாசமா உள்ளுக்குள்ள நடந்துக்கிட்டே இருந்திருக்கணும். சாப்பிட்டதும் கூடும்."

"அவங்களுக்குத் தெரியல. அவருக்குத் தெரிஞ்சிருக்கு டாக்டர்."

அவர் என்னைப் பார்த்தார்.

"பட்டை இரைப்பை பக்கத்து நரம்புலருந்துதானே எடுக்குது. அதே நரம்புதான் நெஞ்சுக்கும் போகுது. அந்த வலி இவருக்கு வந்திருக்கு. ஒரு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தாரு. நாம கையைக் கட்டினோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.  பிறகு சொன்னார்: "அவருக்கு இன்னும் ஒன்றரை கிலோ பாக்கி. ரெண்டே வாரம். இப்ப அவர்கிட்ட சொன்னா எல்லாம் போயிடும். அந்தம்மா இவ்வளவு பட்டது வீணாப்போகும். மெஷின்ல முந்நூறு வேளைக்கு மேல பதிவு இருக்கு. அதைப் போட்டாலே உடம்பு எடுத்துக்கும்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மணப்பாறையில் அடக்கம் செய்தார்கள். சகாயராஜ் அன்றைக்கெல்லாம் கதவைப் பார்த்தபடி கிடந்தார். சனிக்கிழமை காலை பதிவைப் போட்டோம். என்றைக்கோ ஜெசிந்தாக்கா சாப்பிட்ட பொங்கல். வில்லையில் விளக்கு எரிந்தது. சகாயராஜின் முகம் சுருங்கியது, பிறகு மெல்ல மெல்ல விரிந்தது. வாயில் எச்சில் ஊறியது. அவர் சிரித்தார். இங்கே வந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. மனைவி பிழைத்துவிட்டாள், இரண்டு அறை தள்ளி உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அதைத் தவிர அவர் வேறென்ன நினைத்திருக்க முடியும்? அதன்பின் வில்லையைப் பிடுங்கவில்லை. கையுறை தேவைப்படவில்லை.

அடுத்த வியாழக்கிழமை ஐம்பத்தைந்து புள்ளி நாலு. அதற்கடுத்த திங்கள் ஐம்பத்தாறு புள்ளி பூஜ்யம். வார்டில் கை தட்டினார்கள். நாளைக்கு நிற்கவைப்போம் என்று மருத்துவர் தோளைத் தட்டினார். சகாயராஜ் எல்லாரையும் தாண்டிக் கதவைப் பார்த்தார். இந்தச் செய்தியைக் கேட்க யார் வந்திருக்க வேண்டுமோ அவரைத் தேடினார்.

எல்லாரும் போனபிறகு திரையை இழுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சகாயராஜண்ணே, ஜெசிந்தாக்கா இல்ல. அந்த வியாழக்கிழமையே போயிட்டாங்க. நீங்க கதவைக் காட்டினீங்கல்ல, அப்பதான். ஊசி போடச் சொன்னது நான். அதுக்கப்புறம் உங்களுக்கு வந்ததெல்லாம் பதிவு. பழைய சாப்பாடு. அக்காவுக்குச் சர்க்கரை இருந்தது. எனக்கு முதல் நாளே சந்தேகம் வந்தது. நான் கேக்கல."

அவர் அழவில்லை. என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு இடது கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் வில்லையை எடுத்து என் மடியில் வைத்தார்.

அதன்பின் வில்லையை வைக்கவே விடவில்லை. டியூபில் கஞ்சி ஊற்றுவதை மறுக்கவில்லை. பயிற்சிக்கும் மறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கம்பிகளுக்கு நடுவில் முதல் முறையாக நின்றார், நாற்பது நொடி. ஆனால் வில்லை கிடையாது. நான் சொல்லிவிட்டதை மருத்துவர் அறிந்துகொண்டார். கோபப்படவில்லை. "அவர் இஷ்டம். ஐம்பத்தாறுக்குக் கீழ போனா பயிற்சியை நிறுத்தணும், அவ்வளவுதான்" என்றார்.

அந்த வாரமே கீழே போனார். ஐம்பத்தைந்து. கோப்பில் ஐம்பத்தாறு புள்ளி ஒன்று என்று எழுதினேன்.

அடுத்த வாரம் ஐம்பத்து மூன்று. கோப்பில் ஐம்பத்தாறு புள்ளி மூன்று. உண்மையான எடையை என் கைப்பைக்குள் ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டேன். ஐம்பத்தொன்று, நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு. ஒவ்வொரு நாளும் பயிற்சி நேரத்தில் கூடத்தின் சுவரோரம் நின்று பார்ப்பேன். அவர் விழுந்து இடுப்பு ஒடிந்தால் அதுவும் என் எழுத்துதான். பிஸியோதெரபிஸ்ட் அருள்மொழிக்கு அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துப் பிடித்துக் கை பழகியிருந்தது. ஒருநாள் என்னிடம், "ஐம்பத்தாறு கிலோ ஆளா இவரு?" என்று கேட்டாள். நான் கோப்பை மூடினேன். அவளும் மறுபடி கேட்கவில்லை.

அவர் விழவில்லை. நாற்பத்தேழில் எடை இறங்குவது நின்றது. கால் வைரம் பாய்ந்தது. நிற்க ஆரம்பித்த பதினோராவது வாரம் நாலு கால் ஊன்றுகோலோடு கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு யாரும் பிடிக்காமல் நடந்தார். அன்றைக்கு மேடையில் நாற்பத்தாறு புள்ளி ஒன்பது.

சந்தோஷப்படத்தான் போனேன். அந்த எண்ணைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தேழு கிலோவில் ஒரு மனிதர் நடக்கிறார் என்றால், ஜெசிந்தாக்கா சாப்பிட ஆரம்பித்த நாலாவது வாரத்திலேயே, அந்த எடை வந்தபோதே, அவரை நிற்கவைத்திருக்கலாம். அதற்குமேல் ஒரு வாய்கூடத் தேவைப்பட்டிருக்காது. கேசரி, போண்டா, பரோட்டா எதுவும்.

மருத்துவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்தது கோப்பு மட்டும். காலாண்டு மறுஆய்வுக் கூட்டத்தில் சகாயராஜை முன்மாதிரியாகக் காட்டப்போவதாகச் சொன்னார். "இலக்கை எட்டினார், விடாம வெச்சிருந்தார், நடந்தார். இனிமே 'காரணம்' கட்டமே வேண்டாம்னு கேக்கப்போறேன். ஆளாளுக்குக் குறைச்சு எழுதுறதை நிறுத்தணும்."

என் பொய்தான் அவருடைய ஆதாரம். அன்று காலை சாப்பாட்டறை வழியாக வரும்போது அங்கே புதிதாக ஒரு பெண் தொண்டையில் பட்டையோடு உட்கார்ந்து, முன்னால் ஐந்து இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் வாரங்களின் எடையையும் கோப்பில் எழுதிய பொய்யையும் நோட்டில் சேர்த்து எழுதி, கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் அதை மருத்துவர் மேஜையில் வைத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"இதை வெளியில வெச்சா உங்க வேலை போகும். அது உங்க பாடு" என்றார். "ஆனா ஒண்ணு சாருமதி. தன் பொண்டாட்டி தன்னை நடக்கவெச்சிட்டுத்தான் போனாங்கன்னு அவர் நம்பிக்கிட்டிருக்கார். ஒண்ணுமில்லாததுக்குச் செத்தாங்கன்னு அவர்கிட்ட யார் சொல்வா? நீங்க சொல்வீங்களா?"

நோட்டை எடுத்துக்கொண்டேன். வார்டுக்குப் போனேன். சகாயராஜ் கூட்டத்தில் நடந்துகாட்டுவதற்காகச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். நோட்டை அவர் மடியில் விரித்து வைத்து, விரலால் காட்டிக் காட்டிச் சொன்னேன். இது நீங்க முதல்ல நின்ன நாள். இது நடந்த நாள். இது நான் கோப்புல எழுதினது. இது அக்கா நல்லா இருந்தப்ப உங்க எடை, நாலாவது வாரம். ரெண்டும் ஒண்ணுதான்.

அவர் விரல் நாலாவது வாரத்தின் மேல் போய் நின்றது. அந்த விரலை அங்கிருந்து எடுக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்ல முடியாது. மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. சொல்லியிருக்கக்கூடாதோ என்று எனக்குத் தோன்றியது. அவர் நோட்டை மூடினார். ஊன்றுகோலை எடுத்தார்.

பயிற்சிக்கூடத்தில் நாற்காலி போட்டு ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் கோப்பின் வரைபடம், ஐம்பத்தாறில் நேராகப் போகும் கோடு. மருத்துவர் வித்யாதரன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "வாங்க சகாயராஜ்" என்றார்.

அவர் நடந்தார். ஊன்றுகோல், வலது கால், இடது கால். எல்லாரும் தலையசைத்துக்கொண்டே பார்த்தார்கள். பாதி தூரத்தில் அவர் திரும்பினார். திரும்புவதுதான் அவருக்குக் கஷ்டம். அருள்மொழி எழுந்தாள், நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் சுவரோரம் இருந்த எடை மேடைக்குப் போனார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். கம்பியை இடது கையால் பிடித்து ஒரு காலை வைத்தார். பிறகு மற்றதை இழுத்து வைத்தார். நிமிர்ந்து, கம்பியை விட்டார்.

சிவப்பு எண்கள் ஓடி ஓடி நின்றன. நாற்பத்தாறு புள்ளி எட்டு.

யாரோ ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு மறுபடி மேடையைப் பார்த்தார். மேடை கெட்டுப்போச்சா என்று ஒரு குரல் கேட்டது. மருத்துவர் வித்யாதரன் தலையைக் குனிந்து, "இல்ல" என்றார்.

ஒருவர் பின் ஒருவராக எழுந்து வந்து எண்ணைப் பார்த்தார்கள். சகாயராஜின் கால் நடுங்கியது. வியர்வை சட்டையை நனைத்தது. உட்காருங்க, போதும் என்று யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். கடைசி ஆளும் வந்து பார்த்து, பேனாவைத் திறந்து எழுதிக்கொள்ளும்வரை அவர் இறங்கவில்லை.